சங்கிலியை இழுத்தது யார்

அன்புள்ள அப்பு,

போன செவ்வாய்க்கிழமை போனில் ஒரு கேள்வி கேட்டாய். கல்யாணப் பத்திரிகைக்குப் பெயர்கள் எழுதிக்கொண்டிருப்பதாகச் சொன்னாய். ஆரோக்கியம் சித்தப்பா பெயரைச் சாதாரணமாக, வரவேற்பவர்கள் வரிசையில் போடுவதா, இல்லை அமரர் என்று முன்னால் சேர்ப்பதா என்று கேட்டாய். நான் சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. உன் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "பெத்த பிள்ளகிட்டயே இப்புடிப் புளுகணுமாக்கும்?" என்றாள். அந்த ஒரு விஷயத்தில் நான் புளுகத் தொடங்கி நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது என்று அவளுக்கு அப்போது தெரியாது. அன்று மத்தியானமே அவளிடம் சொன்னேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து கேட்டாள். பிறகு, "எனக்குச் சொன்னது போதாது, பிள்ளைக்கு எழுதுங்க" என்றாள். எழுதுகிறேன்.

இது உனக்கு மட்டுமான கடிதம் இல்லை. ஒரு பிரதியைப் பங்குச் சாமியாரிடம் கொடுத்திருக்கிறேன், நம் பங்கு இதழில் போடுவதற்காக. நீ படித்துச் சம்மதம் சொன்ன பிறகே அச்சுக்குப் போகும். பொய்யை ஊர் முழுக்கச் சொன்னவன் உண்மையை மட்டும் மகன் காதில் குசுகுசுப்பது நியாயமில்லை. கல்யாண நேரத்தில் இதெல்லாம் எதற்கு என்று நீ எரிச்சல்படலாம். வருகிற ஞாயிறு கோவிலில் உன் கல்யாண அறிவிப்பை, முதல் ஓலையை, வாசிப்பார்கள். சொல்ல வேண்டியது ஏதாவது இருப்பவர்கள் சொல்லுங்கள் என்று சாமியார் கேட்பார். அது உன் கல்யாணத்தைப் பற்றிய கேள்விதான், தெரியும். ஆனாலும் அதைக் கேட்டுக்கொண்டு வாயை மூடி உட்கார்ந்திருக்க இனி என்னால் முடியாது.

பூசை முடிந்ததும் நான் அகரம் பக்கத்து ஷெட்டுக்கு ஓடுவதை வைத்து என்னை எவ்வளவு கேலி செய்திருக்கிறாய். ரிட்டையர் ஆன வாத்தியார்கள் பேரப்பிள்ளைகளைத் தூக்குகிற வயதில் நீங்கள் துருப்பிடித்த ரயில் பெட்டியைச் சுரண்டுகிறீர்களே என்றாய். பேரனைக் கொடுத்தால் தூக்கமாட்டேன் என்றா சொன்னேன்? மூடிப்போன மில்லின் சரக்குக் கிளைப்பாதையான சைடிங்கில் ஒன்றரைக் கிலோமீட்டர் மீட்டர்கேஜ் தண்டவாளம் பிடுங்காமல் கிடந்தது. மில்காரர்களின் பிள்ளைகள் எங்கோ கிடந்த சின்ன நீராவி எஞ்சினைக் கொண்டுவந்து அதில் ஓடவிட்டார்கள். பின்னால் மாட்டுவதற்குப் பழைய பயணிகள் பெட்டி ஒன்றையும் வாங்கிப் போட்டார்கள். அதைச் சீராக்குவது எங்களைப் போன்ற சம்பளமில்லாத ஆட்களின் வேலை. வருகிறேன் என்று பெயர் கொடுத்தவர்கள் இருபது பேர். வெயில் ஏற ஏற மிஞ்சியது மூன்று பேர். பாலிடெக்னிக்கில் பாடம் நடத்துகிற கவிதா, அகரத்தில் மல்லிகை போட்டிருக்கும் ரிட்டையர்டு ரயில்வே கார்டு முத்தையா, அப்புறம் டிராயிங் வாத்தியாரான நான். கவிதா இரும்பையும் குழாய்களையும் பார்த்துக்கொள்வாள். எனக்கு மரமும் எழுத்தும். முத்தையாவுக்கு வேலை என்று ஒன்றும் கிடையாது, ஆனால் வெள்ளைச் சட்டையும் கழுத்தில் விசிலுமாக வந்து நின்று எங்களைச் சட்டம் பேசியே கொன்றுவிடுவார்.

அந்தப் பெட்டியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மற்றது உனக்குப் புரியாது. பெட்டியின் ஒரு முனையில், வெளிப்பக்கம், கூரைக்குச் சற்றுக் கீழே உள்ளங்கை அகலத்தில் ஒரு சிவப்புத் தட்டு இருக்கிறது. சாதாரண நேரத்தில் அது படுத்திருக்கும். உள்ளே யாராவது அபாயச் சங்கிலியை இழுத்தால் எழுந்து நிற்கும். எந்தப் பெட்டியில் இழுத்தார்கள் என்று கார்டு கண்டுபிடிப்பது அதை வைத்துத்தான். உள்ளே இருப்பவர்களால் அதை மறுபடி படுக்க வைக்க முடியாது. கார்டு வந்து, முனையிலிருக்கும் ஏணியில் ஏறி, கையால் திருப்ப வேண்டும். நாங்கள் வேலை தொடங்கிய முதல் மாதமே உள்ளே இருந்த சங்கிலியை முழுக்கக் கழற்றி, எண்ணெய் தடவி, ஷெட் சுவரில் ஆணியடித்து மாட்டிவிட்டோம். அதனால் அந்தத் தட்டுக்கும் பெட்டிக்கும் அப்போது எந்தச் சம்பந்தமும் இல்லை.

ஒரு ஞாயிறு காலையில் ஷெட்டைத் திறந்தபோது தட்டு எழுந்து நின்றது. கவிதா ஏணியில் கால் வைத்தாள். முத்தையா விடவில்லை. "இரும்மா. உள்ள போயி கேக்காம தட்டத் திருப்பக் கூடாது. அது ரூலு" என்றார். "யார்கிட்ட சார் கேக்குறது? சங்கிலியே சுவத்துல தொங்குது" என்று அவள் சிரித்தாள். அவர் பாட்டுக்குப் பெட்டிக்குள் ஏறி, ஒவ்வொரு தடுப்பாக நின்று, காலி இருக்கைகளைப் பார்த்து, "யாரு சங்கிலிய இழுத்தது? என்னா விஷயம்?" என்று கேட்டுக்கொண்டே போனார். தோள் உயரப் பலகைத் தடுப்புகள் அந்தப் பெட்டியை எட்டுப் பகுதியாகப் பிரித்திருக்கும். எட்டு இடத்திலும் கேட்டார். பிறகு இறங்கிவந்து தட்டைத் திருப்பினார். நானும் கவிதாவும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அடுத்த ஞாயிறும் நின்றது. அதற்கடுத்த வாரம் கவிதா கட்டுக்கம்பியால் தட்டை இறுக்கிக் கட்டிவிட்டுப் போனாள். திரும்பி வந்தபோது கம்பி கட்டின முடிச்சோடு அப்படியே இருந்தது, அதற்குள்ளேயே தட்டு எழுந்து நின்றது. கவிதா கெட்டிக்காரி. சூட்டில் இரும்பு விரிகிறது, ராத்திரியில் சுருங்குகிறது என்று கணக்குப் போட்டுச் சொன்னாள். நான் தலையாட்டினேன். முத்தையா உள்ளே ஏறி எட்டு இடத்திலும் கேட்டுவிட்டு வந்தார். அந்த வாரம் யாரும் சிரிக்கவில்லை. வெளியே மயில் அகவிக்கொண்டே இருக்கும். பெட்டிக்குள் கால் வைத்ததும் அந்தச் சத்தம் சட்டென்று அறுந்துவிடும். முன்பும் அப்படித்தான் இருந்திருக்கும், அந்த வாரம்தான் எனக்கு அது உறைத்தது.

பிறகு தரை. மூன்றாவது தடுப்பில், ஜன்னலோரத்தில், நான் எண்ணெய் தேய்த்துக் காயவைத்திருந்த பலகையின் மேல் வட்டமாக ஈரம் இருந்தது. தண்ணீர்ப் பாத்திரத்தைக் கொஞ்ச நேரம் வைத்துவிட்டு எடுத்தால் விழுமே, அந்த மாதிரி வளையம். மழை பெய்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. கூரையில் ஓட்டை கிடையாது. துணியால் துடைத்துவிட்டு மற்ற இருவரிடமும் சொல்லாமல் இருந்துவிட்டேன். சொல்லாமல் இருப்பது எனக்குக் கைவந்த கலை. அடுத்த வாரமும் துடைத்தேன். அதற்கடுத்த வாரம் துடைக்கப் பயமாக இருந்தது, ஏனென்றால் அந்த ஈரம் ஜில்லென்று இருந்தது, அப்போதுதான் குழாயில் பிடித்த தண்ணீர் மாதிரி.

உனக்குப் பத்து வயதில் நாம் திருச்சிக்குப் போன பயணம் நினைவிருக்கிறதா? மணப்பாறையில் முறுக்கு விற்கிறவன் பின்னாலேயே நீ பிளாட்பாரத்தில் இறங்கிவிட்டாய். வண்டி நகரக்கூட இல்லை. நான் பாய்ந்து இறங்கி, உன்னைத் தூக்கி உள்ளே போட்டு, எல்லோர் முன்னாலும் கன்னத்தில் அறைந்தேன். ஊர் போய்ச் சேரும்வரை நீ விசும்பிக்கொண்டே வந்தாய். காலேஜ் படிக்கும்போது ஒருநாள், "அன்னைக்கு ஏன்ப்பா அப்படி அடிச்சீங்க?" என்று கேட்டாய். ஆபத்து என்பதால் அடித்தேன் என்று பாடம் நடத்தினேன். நான் அடித்தது உன்னை இல்லை அப்பு. அந்த அடிக்காக உன்னிடம் மன்னிப்பு கேட்கிறேன். இருபது வருடம் தாமதமாகக் கேட்கிறேன்.

ஆரோக்கியத்துக்கு அப்போது பத்தொன்பது வயது. எனக்கு இருபத்து நான்கு, வேலை கிடைத்து ஆறு மாதம். அவனுக்குப் படிப்பு ஏறவில்லை. நெய்க்காரப்பட்டியில் கூட்டாளி ஒருவனோடு சேர்ந்து தக்காளி போடப் போகிறேன் என்றான். நான்தான் குறுக்கே நின்றேன். திருச்சியில் தெரிந்தவரின் லேத் பட்டறையில் அவனைச் சேர்ப்பதாக முடிவுசெய்து, அவன் சட்டை துணிகளை நானே பையில் திணித்து, வண்டியேற்றிக் கூட்டிப்போனேன். சம்பளம் வாங்குகிற திமிர் எனக்கு. திண்டுக்கல்லில் ஏறியதிலிருந்து சண்டை. "நீ அண்ணனா, போலீஸ்காரனா?" என்று கேட்டான். பதிலுக்கு நான் பேச்சை நிறுத்தினேன். கோபம் வந்தால் கத்துகிறவன் இல்லை நான், பேசாமல் கொல்கிறவன். உன் அம்மாவைக் கேட்டால் சொல்லுவாள். இரண்டு ஸ்டேஷன் தாண்டியும் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெயில் தாங்காமல் எனக்கு இருமல் வந்தது. கூஜாவில் தண்ணீர் தீர்ந்திருந்தது. ஒரு சின்ன ஸ்டேஷனில் வண்டி நின்றபோது அவன் கூஜாவை எடுத்துக்கொண்டு, "இருண்ணே, தண்ணி பிடிச்சாரேன்" என்று இறங்கினான். என் கோபத்தைத் தணிக்க அவனுக்குத் தெரிந்த வழி அது.

அவன் குழாயடியில் குனிந்திருக்கும்போது வண்டி நகர்ந்தது. திரும்பிப் பார்த்துவிட்டு ஓடிவந்தான். அப்போதும் கூஜாவைக் கீழே போடவில்லை, தண்ணீர் சட்டையெல்லாம் கொட்ட, அதைப் பிடித்துக்கொண்டே ஓடிவந்தான். "அண்ணே, சங்கிலிய இழு! சங்கிலிய இழுண்ணே!" என்று கத்தினான். நான் எழுந்துவிட்டேன். என் கை சங்கிலியில் இருந்தது. அதன் குளிர்ச்சி இப்போதும் இந்த விரல்களில் இருக்கிறது. பக்கத்தில் எழுதியிருந்தது, தகுந்த காரணமின்றி இழுத்தால் தண்டனை என்று. பெட்டியே என்னைப் பார்த்தது. அதெல்லாம் சாக்குதான். உண்மையில் அந்த நேரத்தில் நான் நினைத்தது ஒன்றே ஒன்று: கிடக்கட்டும், அடுத்த வண்டியில் வரட்டும், அப்போதுதான் புத்தி வரும். கையை எடுத்தேன். அவன் அதைப் பார்த்தான் அப்பு. நான் கையை எடுப்பதைப் பார்த்துத்தான் அவன் ஓடுவதை நிறுத்தினான்.

அடுத்த வண்டியில் அவன் வரவில்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. மறுநாள் நான் அந்த ஸ்டேஷனுக்குப் போனேன். கூஜாவோடு ஒரு பையன் சாயங்காலம்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தான், வந்த ஒவ்வொரு வண்டிக்கும் எழுந்து எழுந்து ஜன்னல்களைப் பார்த்தான், அப்புறம் எங்கே போனான் என்று கவனிக்கவில்லை என்றார் ஸ்டேஷன் மாஸ்டர். அவன் அடுத்த வண்டியில் ஏறாமல் ஏன் உட்கார்ந்திருந்தான் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது. நான் திரும்பி வருவேன் என்று நினைத்திருக்கிறான். வீட்டில் நான் சொன்னது வேறு. தூங்கிவிட்டேன், முழித்துப் பார்த்தபோது அவனைக் காணோம், எங்கோ ஓடிவிட்டான் என்றேன். எல்லோரும் நம்பினார்கள். லேத்துக்குப் போகப் பிடிக்காமல் ஓடியவன் என்ற பெயர் அவனுக்கு நிலைத்துவிட்டது. என் அம்மா சாகும்வரை அவனைத் திட்டிக்கொண்டேதான் ஜெபம் சொன்னாள். கல்லறைத் திருநாளுக்கு நாம் எல்லோருக்கும் மெழுகுவர்த்தி ஏற்றுவோம், அவனுக்கு மட்டும் ஏற்றியதில்லை. உயிரோடு இருக்கிறவனுக்கு ஏற்றக் கூடாது என்று நான் உனக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

இந்தப் பெட்டி அந்தப் பெட்டிதானா என்று கேட்பாய். தெரியாது. மீட்டர்கேஜ் பெட்டிகள் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். பெட்டிக்கு வேண்டிய அறிவிப்புகள் எல்லாவற்றையும் நான் எழுதி முடித்தேன், சங்கிலிக்குப் பக்கத்தில் வருகிற அறிவிப்பைத் தவிர. கை வரவில்லை. கவிதா வாராவாரம் கேட்பாள், பிரஷ் சரியில்லை, பெயின்ட் கட்டியாகிவிட்டது என்று வாராவாரம் சாக்குச் சொல்வேன்.

வெள்ளோட்டம் விட்டது ஒரு ஞாயிறு, காலை பதினொரு மணிக்கு. அன்றுதான் சங்கிலியைத் திரும்ப மாட்டினோம். எஞ்சினில் டிரைவர், பின்வாசலில் பச்சைக்கொடியோடு முத்தையா, முதல் தடுப்பில் கவிதா. நான் மூன்றாவது தடுப்பில் உட்கார்ந்தேன். வேறு இடத்தில் உட்கார்ந்திருக்கலாம். சைடிங்கின் பாதியில், முத்தையாவின் மல்லிகைத் தோட்டத்தை ஒட்டி, வண்டி உஸ்ஸென்று மூச்சுவிட்டு நின்றது. டிரைவர் இறங்கி, நான் பிரேக் போடவில்லை என்று கத்தினார். முத்தையா கீழே இறங்கி முனையைப் பார்த்தார். தட்டு நின்றுகொண்டிருந்தது. கவிதா என்னிடம் ஓடிவந்து, "நீங்க எந்திரிக்கவே இல்லையே சார், நான் பாத்துக்கிட்டேதான இருந்தேன்" என்றாள்.

முத்தையா உள்ளே ஏறினார். கடைசித் தடுப்பிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு வந்தார். "யாரு சங்கிலிய இழுத்தது? என்னா விஷயம்?" எங்களிடம் வந்து நின்று அதையே கேட்டார். டிரைவர் வெளியிலிருந்து, "ஏலே முத்தையா, திருப்பி விடுப்பா, போவோம்" என்றார். முத்தையா அசையவில்லை. "இம்புட்டு நாளு ஆளு இல்லாம கேட்டேன், திருப்புனேன். இப்ப ஆளு இருக்கு. பதில் வராமத் திருப்ப மாட்டேன்" என்றார். நான் கையைத் தூக்கினேன். நாற்பது வருடம் கழித்து என் கை அப்போதுதான் மேலே போனது.

"நான்தான் இழுத்தேன்."

"எதுக்கு சார்?"

"தண்ணி பிடிக்க எறங்குன ஆளு இன்னும் ஏறல."

யார் அந்த ஆள் என்று அவர் கேட்கவில்லை. அதுதான் முத்தையா. தலையை ஆட்டிவிட்டு, "செத்த நேரம் பாப்போம்" என்று இறங்கி, சிவப்புக்கொடியைப் பிடித்துக்கொண்டு, நாங்கள் வந்த வழியைப் பார்த்து நின்றார். தண்டவாளத்தின் மேல் கானல் ஆடிக்கொண்டிருந்தது. சிறுமலைப் பக்கமிருந்து துளிக் காற்று இல்லை. எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியாது. பிறகு என் பக்கத்துப் படிப்பலகை கிறீச்சென்றது. பெட்டி அந்தப் பக்கமாகக் கொஞ்சம் தாழ்ந்து, நிமிர்ந்தது, யாரோ ஒரு ஆள் ஏறினால் தாழ்வதுபோல. கவிதா என் தோளைப் பிடித்துக்கொண்டாள். வெளியே முத்தையா கொடியைச் சுருட்டினார். ஏணியில் ஏறித் தட்டைத் திருப்பிவிட்டு, என் ஜன்னலருகே வந்து, "ஏறியாச்சு சார். போலாமா?" என்றார். போகலாம் என்றேன். ஷெட் வரும்வரை நான் எதிர் இருக்கையைப் பார்க்கவில்லை. இழுத்தேன் என்று சொல்லத் துணிந்தவனுக்கு அங்கே பார்க்கத் துணிவில்லை. இறங்கும்போது கவிதாதான் பார்த்துவிட்டு, "சார், சீட்டுல தண்ணி" என்றாள்.

அந்த வாரமே சங்கிலிப் பக்கத்து அறிவிப்பை எழுதினேன். வண்டியை நிறுத்தச் சங்கிலியை இழுக்கவும். அதோடு பிரஷைக் கழுவிவிட்டேன். தண்டனை பற்றிய அடுத்த வரியை மறந்துவிட்டீர்களா என்று கவிதா கேட்டாள். மறக்கவில்லை அம்மா, அது வேண்டாம் என்றேன். எதற்கும் சட்டம் பேசும் முத்தையா அதைப் பார்த்துவிட்டும் ஒன்றும் சொல்லாமல் போனார்.

நீ ஜெனிக்குப் புருஷனாகப் போகிறாய். புத்தி சொல்கிற தகுதி எனக்கு இல்லை, ஆனாலும் ஒன்று சொல்லியாக வேண்டும். உனக்கும் என் குணம்தான். கோபம் வந்தால் நீயும் கத்தமாட்டாய், பேச்சை நிறுத்திக்கொள்வாய். சின்ன வயதில் இரண்டு நாள்கூட அப்படி இருந்திருக்கிறாய், நான் உள்ளுக்குள் நடுங்கியிருக்கிறேன். அவளிடம் கத்து, அழு, சாப்பிடாமல்கூட இரு, ஆனால் பேசாமல் மட்டும் இருக்காதே. அவள் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினால், கோபம் தீராவிட்டாலும் வாங்கிக்கொள்.

பத்திரிகை விஷயத்துக்கு வருகிறேன். அவன் இருக்கிறானா இல்லையா என்பது எனக்குத் தெரியாது. இத்தனை காலமும் தெரிந்தவன்போலப் பேசினேன். அமரர் என்று போடவும் எனக்கு உரிமையில்லை, ஓடிப்போனவன் என்று விட்டுவிடவும் உரிமையில்லை. ஆரோக்கியம், சித்தப்பா என்று மட்டும் போடு. இதையெல்லாம் படித்த பிறகு அவன் பெயருக்குப் பக்கத்தில் என் பெயரைப் போட உனக்கு மனம் வரவில்லை என்றால் அதையும் ஏற்றுக்கொள்கிறேன். பயமாகத்தான் இருக்கிறது. நீ பேசாமல் இருந்துவிடுவாயோ என்பதுதான் என் பயம்.

வெள்ளோட்டத்துக்குப் பிறகு இரண்டு ஞாயிறு தட்டு படுத்தே இருந்தது. ஒரு தடவை சொன்னதும் தீர்ந்துவிட்டது என்று நினைத்தேன். மூன்றாவது ஞாயிறு மறுபடி எழுந்து நின்றது. முத்தையா உள்ளே வந்து கேட்டார், நான் கையைத் தூக்கிப் பதில் சொன்னேன், செத்த நேரம் காத்திருந்தோம், திருப்பினார். இப்போது அது எங்கள் ஞாயிற்றுக்கிழமை வேலைகளில் ஒன்றாகிவிட்டது. கல்யாணத்துக்கு முன்னால் அந்தப் பெட்டியில் போட்டோ எடுக்க ஜெனி ஆசைப்படுகிறாள் என்றாய். அழைத்துக்கொண்டு வா. வண்டியை ஓடவிடச் சொல்கிறேன். மூன்றாவது தடுப்பில் ஜன்னலோரத்தை மட்டும் விட்டுவிட்டு எங்கே வேண்டுமானாலும் உட்காருங்கள். பாதி வழியில் வண்டி தானாக நின்றால் பயப்படாதீர்கள். முத்தையா சார் ஏறிவந்து, சங்கிலியை இழுத்தது யார் என்று கேட்பார். நீங்கள் இருவரும் கையைத் தூக்க வேண்டாம். நான் தூக்குகிறேன்.

உன் அப்பா